செருப்பில்லாமல் குடும்பத்தோடு டவுனுக்குப் போவது எப்படி

கோயிலுக்குள் வெறுங்காலோடு போனால் பக்தி, அதே காலோடு பேங்குக்குள் போனால் "பாவம், இல்லாததுகள்". தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் இலங்கை மலையகத்தில் இதுதான் கணக்கு. சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல டவுனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நம் பிள்ளை அப்படி நின்றால் "எந்தத் தோட்டம்?" என்று உடனே கேள்வி வரும். எங்களைப் போல விரும்பி வெறுங்காலோடு நடக்கிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு வெளியே கிளம்புவது நல்லது.

முதலில் யாரும் கேள்வி கேட்காத இடமாகப் பார்த்துத் தொடங்குங்கள். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் இருக்கும், நல்லதண்ணிப் பக்கம் 5000-க்கும் மேற்பட்ட படிகளை வெறுங்காலோடு ஏறுகிறவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம், அங்கே உங்கள் பிள்ளைகளும் கூட்டத்தில் ஒன்று. சீத்தாஎலிய கோயில், றம்பொடை அனுமார் கோயில் எல்லாம் அப்படித்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போங்கள்.

சந்தையில் ஏளனம் செய்கிறவர்களைச் சமாளிப்பது லேசு, இரக்கப்படுகிறவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. கீரைக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, என் மகளின் காலைப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த நூறு ரூபாய்த் தாளை அவள் கையில் திணித்து, "செருப்பு வாங்கிக்கோ சாமி" என்றார். இப்படி நடந்தால் சிரிக்காதீர்கள், விளக்கம் சொல்லவும் தொடங்காதீர்கள். "வீட்ல செருப்பு இருக்குங்க அம்மாயி, மண்ணுல நடக்கப் பிடிச்சுத்தான் நடக்குறோம்" என்று சொல்லி, பிள்ளையை விட்டே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம், ஆனால் அவரிடமே இரண்டு கட்டுக் கீரை வாங்காமல் நகராதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயம் வேறு. தோட்டத்தை நடத்தும் துரை எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற காலத்தைப் பற்றி அவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் முன்னால், நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்ததை நினைத்துத்தான் 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி போனார்கள். மகனுக்குச் சப்பாத்து வாங்க ஒரு மாதச் சம்பளத்தில் கை வைத்த அப்பாயி, பேரன் வெறுங்காலோடு டவுனுக்குப் போவதைப் பார்த்தால் கோபப்படத்தான் செய்வார். அவரிடம் ஆராய்ச்சி, ஆரோக்கியம் என்று பேசி வாதாடாதீர்கள். அவரோடு வெளியே போகும் நாளில் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், கல்யாண வீடு, இழவு வீடு இரண்டுக்கும் அப்படியே. கொள்கை ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும், என்ன கெட்டுவிடப் போகிறது?

ஆஸ்பத்திரி, பேங்க், கந்தோர் (அலுவலகம்) போகும்போது பையில் ஆளுக்கு ஒரு சோடி பாட்டாச் செருப்பு வைத்திருங்கள். காவலாளி வாசலில் மறித்தால் அவரோடு சண்டை வேண்டாம், அவர் சொன்னதைச் செய்கிறவர், போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சுக்கே இடமில்லை, வெள்ளைச் சப்பாத்தும் மேசும் (காலுறையும்) கட்டாயம். கஷ்டப் பிரதேசப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சப்பாத்து வவுச்சர் கொடுக்கிற நாட்டில், இருக்கிற சப்பாத்தைப் போடாமல் அனுப்பினால் ஆசிரியர் கேட்பது நியாயம்தான்.

"பூச்சி ஏறும்" என்று பயமுறுத்துகிறவர்களைத் தட்டிக்கழிக்காதீர்கள், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கொக்கிப்புழு மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழையும், பிறகு குடலில் ஒட்டி இரத்தத்தைக் குடித்துச் சோகையில் கொண்டுபோய் விடும். 1916-ல் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் இந்தப் புழுவை ஒழிக்க வந்தபோது முதலில் போனதே தோட்டங்களுக்குத்தான், கக்கூஸ் வசதி அந்த லட்சணத்தில் இருந்தது. ஆகவே லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கான் ஓரம், கக்கூஸுக்குப் பின்பக்கம், நாய் அசிங்கம் செய்கிற இடம் எல்லாம் செருப்போடு மட்டும். கிளினிக்கில் மிஸ்ஸிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுங்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்று கார்டைப் பாருங்கள். இவ்வளவும் செய்கிறோம் என்று சொன்னாலே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

தேயிலை மலைக்குள் இறங்குவதென்றால் கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட இடத்தில் கால் வைக்காதீர்கள், அந்தக் குத்துக் கட்டைகள் பாதத்தைக் கிழித்துவிடும். மருந்தடித்த மலையும் வேண்டாம். மழைக்காலத்தில் அட்டைக்குக் கணுக்கால் வரை சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் கொஞ்சம் தப்பலாம். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும், கால் மரத்துப்போய் கண்ணாடித் துண்டு குத்தினாலும் தெரியாது, வெயில் ஏறியபிறகு நடங்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு போத்தல் தண்ணீரும் பழைய துண்டும் கொண்டுபோய் வாசலிலேயே காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போங்கள், இப்போது நிறைய வீடுகளில் டைல்ஸ். பிள்ளை "எனக்கும் செருப்பு வேணும், கூட்டாளிங்க சிரிக்கிறாங்க" என்றால் அன்றைக்கே கடைக்குக் கூட்டிப்போய் பிடித்த நிறத்தில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.