கிரெடிட் கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாத மாதங்களில் என்ன செய்வது?

கிரெடிட் கார்டு கடனுக்கு அடமானம் கிடையாது. நீங்கள் கட்டாமல் விட்டால் எடுத்துக்கொள்ள வங்கியின் கையில் நகையும் இல்லை, வீட்டுப் பத்திரமும் இல்லை. அதனால்தான் பொருளாதாரம் தள்ளாடத் தொடங்கியதும் வங்கிகள் முதலில் இறுக்கிப் பிடிப்பது கார்டு வாடிக்கையாளர்களை. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கார்டு கடன்களுக்கான ரிஸ்க் வெயிட்டை 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதே தொகையைக் கார்டில் கடனாகக் கொடுக்க வங்கி முன்பைவிட அதிக மூலதனத்தை ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள். இப்படி நெருக்கும்போது வங்கி யாருக்கு லிமிட்டைக் குறைப்பது, யாருக்கு இஎம்ஐ கொடுப்பது, யாருடைய கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்புவது என்று வாடிக்கையாளர்களைத் தரம் பிரிக்கும். பில் தவறுவதற்கு முன்பே பேசுகிறவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகள், தவறிய பிறகு பேசுகிறவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே கெடு தேதிக்குள் என்னென்ன செய்யலாம் என்பதே இங்கே முக்கியம்.

முதலில் லிமிட் குறைப்பு. உங்கள் லிமிட் 2 லட்சம், பாக்கி 60,000 ரூபாய் என்றால் பயன்பாடு 30 சதவீதம். வங்கி லிமிட்டை 80,000 ஆக்கினால், நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே பயன்பாடு 75 சதவீதமாகிவிடும். கடனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் இறங்கும். அதைப் பார்த்து அடுத்த வங்கியும் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும். லிமிட்டைக் குறைத்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கார்டை முடக்கினால் காரணத்தோடு உடனே எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறை சொல்கிறது. அந்தச் செய்தி வந்த நாளிலேயே கார்டோடு இணைத்த ஆட்டோ டெபிட்களை எல்லாம் ஒருமுறை பாருங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கார்டில் போய்க்கொண்டிருந்தால், லிமிட் போதாமல் அது திரும்பி, பாலிசியே காலாவதியாகும் ஆபத்து உண்டு.

அடுத்தது மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. ஜூன் 5 அன்று கார்டில் 50,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். ஜூன் 20 பில், ஜூலை 10 கெடு. மினிமம் டியூ 5 சதவீதம், 2,500 ரூபாய். அதை மட்டும் சரியாக ஜூலை 10 அன்று கட்டுகிறீர்கள். தாமதக் கட்டணம் இல்லை, சிபிலிலும் கறை இல்லை. ஆனால் வட்டி கெடு தேதியிலிருந்து தொடங்குவதில்லை; பொருள் வாங்கிய ஜூன் 5-லிருந்தே ஓடுகிறது. 50,000-க்கு 35 நாள் வட்டி 2,014 ரூபாய். மிச்சம் 47,500-க்கு ஜூலை 20 பில் வரை 10 நாள் வட்டி 547 ரூபாய். மொத்தம் 2,561. இதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 461 ரூபாய். நீங்கள் கட்டியது 2,500, ஏறியது 3,022. அடுத்த பில்லில் பாக்கி 50,522.

இன்னொரு பொறியும் இதோடு சேர்ந்தே வரும். முந்தைய பில்லில் பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. நேற்று அந்தக் கார்டில் வாங்கிய பால் பாக்கெட்டுக்கும் நேற்றிலிருந்தே வட்டி. எனவே பாக்கியைச் சுமக்கும் கார்டை அன்றே உள்ளே வைத்துவிடுங்கள். மளிகை, பெட்ரோல் எல்லாம் ரொக்கத்திலோ டெபிட் கார்டிலோ போகட்டும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டவே கட்டாதீர்கள். எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி.

முழுத் தொகை இல்லை, ஆனால் மாதச் சம்பளம் வருகிறது என்றால், கெடு தேதிக்கு முன்பே பில்லை இஎம்ஐ ஆக மாற்றுங்கள். வங்கி ஆப்பிலேயே இந்த வசதி இருக்கும். வட்டி பெரும்பாலும் 42 சதவீதத்தில் பாதிக்கும் கீழே இருக்கும். மாற்றும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: ஆண்டு வட்டி எவ்வளவு (மாதக் கணக்கில் சொன்னால் 12-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்), பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, வட்டிக்கு ஜிஎஸ்டி சேர்த்தால் மாதத் தவணை எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா. அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் வங்கி தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். தவணைத் தொகை அடுத்த பில்லின் மினிமம் டியூவுக்குள் முழுசாக வந்து உட்காரும் என்பதையும் மறக்க வேண்டாம். 36 மாதத் தவணை கைக்கு இலகுவாகத் தெரியும், மொத்த வட்டியோ அதிகம். தாங்க முடிந்த குறைந்த காலத்தையே எடுங்கள்.

நம் வீடுகளில் அடுத்து யோசிப்பது நகைக் கடன். வங்கி நகைக் கடனின் வட்டி கார்டு வட்டியில் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். வருமானம் நிச்சயமாக வந்துகொண்டிருக்கிறது, இரண்டு மூன்று மாத இடைவெளியை நிரப்பினால் போதும் என்றால் அது நல்ல வழி. வேலையே போய்விட்டது, அடுத்தது எப்போது என்று தெரியவில்லை என்றால் எங்கள் கருத்து வேறு. அடமானமில்லாத கடனை அடைக்க நகையை அடமானமாக்கினால், கட்ட முடியாதபோது நகை ஏலத்துக்குப் போகும். கார்டு கடனில் அந்த இழப்பு இல்லை.

வருமானம் நின்றுவிட்டால் வங்கிக்கு எழுதுங்கள். போனில் பேசுவது மட்டும் போதாது. கார்டின் கடைசி நான்கு எண், மொத்தப் பாக்கி, வருமானம் நின்ற தேதி, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற எண் ஆகியவை மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பணிநீக்கக் கடிதமோ மருத்துவமனை பில்லோ இருந்தால் இணையுங்கள். மொத்தப் பாக்கியை 24 அல்லது 36 மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரவும், தாமதக் கட்டணங்களை நீக்கவும் கேளுங்கள். கட்ட முடிந்த தொகையை உண்மையாகச் சொல்லுங்கள். 8,000 என்று ஒப்புக்கொண்டு இரண்டாவது மாதமே தவறினால் ஏற்பாடு முறிந்து பழைய வட்டி திரும்பும். 4,500 என்று சொல்லி ஒழுங்காகக் கட்டுவது மேல். வங்கி ஒப்புக்கொண்டால் கார்டை முடக்கும், சிபில் அறிக்கையில் கடன் மறுசீரமைக்கப்பட்டதாகப் பதிவாகலாம். இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும்.

‘சலுகைக் காலம்’ என்று எது வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாதங்களில் வட்டி ஓடுமா? 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு கார்டு பாக்கிக்கும் பொருந்தியது. வட்டி மட்டும் நிற்கவில்லை. மாதம் 3.5 சதவீதத்தில் ஆறு மாதம் என்றால் பாக்கியில் 21 சதவீதம், ஜிஎஸ்டி தனி. கூட்டுவட்டிப் பகுதிக்கு மட்டும் பின்னர் நிவாரணம் வந்தது, ஆனால் அடிப்படை வட்டி வாடிக்கையாளர் தலையில்தான். வட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தவறிவிட்டால் நடப்பவை இவை. கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆன பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கும் தெரிவிக்கலாம். அந்தக் கட்டணத்தையும் கட்டாமல் நிற்கும் தொகை மீதே கணக்கிட வேண்டும், மொத்த பில் மீது கூடாது. மினிமம் டியூ 90 நாள் கட்டப்படாமல் இருந்தால் கணக்கு வாராக்கடனாகும். வசூல் ஏஜென்டுகளும் வருவார்கள், அதற்கு முன்பேகூட வரலாம். காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது. உறவினரிடமோ அலுவலகத்திலோ சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். மிரட்டினால் தேதி, நேரம், எண்ணைக் குறித்து வங்கிக்கு எழுதுங்கள். பாக்கி கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். ஆனால் தவணைக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆம் பிரிவின்கீழ் குற்ற வழக்காகலாம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு ஏஜென்டிடம் கொடுக்கவே கூடாது.

வாராக்கடனான பிறகு ‘60 சதவீதம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்’ என்று செட்டில்மென்ட் பேச்சு வரும். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டினால், அது பாக்கியில் வரவு வைக்கப்பட்டு மீதி அப்படியே நிற்கும். முதலில் வங்கியின் லெட்டர்ஹெட்டில் அல்லது வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் கடிதம் வர வேண்டும். அதில் கார்டு எண், செட்டில்மென்ட் தொகை, தவணைத் தேதிகள், இதற்குப் பின் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கார்டு கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கட்டிய பின் பாக்கி இல்லை என்ற சான்றை (என்ஓசி) வாங்குங்கள். இதன் விலையும் தெரிந்திருக்கட்டும்: சிபிலில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, சமரசம் செய்துகொண்டவருக்கு அந்த வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தர முடியாது.

வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஓம்பட்ஸ்மேன்) அதன் சி.எம்.எஸ். புகார் இணையதளத்தில் இலவசமாகப் புகார் பதியலாம். விவரம் கேட்க 14448. முதல் புகாரின் எண் கையில் இல்லாமல் அங்கே போனால் புகார் திரும்பி வரும்.

எல்லாம் அடைத்த பிறகு, ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். பாக்கி இன்னும் காட்டினால் என்ஓசியை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. கார்டையே மூட நினைத்தால் எழுத்தில் கேளுங்கள். பாக்கி ஏதும் இல்லாதபோது 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும்; தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.