டிக்கெட்டும் குடம்புளியும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்த முதல் ஆண்டில், ஞாயிறு மாலையில்தான் ஊர் ஏக்கம் என்னை அதிகம் வாட்டியது. சம்பளம் கையில் இருந்தது, என் முடிவுகளை நானே எடுத்தேன். ஆனாலும் இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு இந்த வெயில் அந்நியமாகவே இருந்தது.

எனக்கு உதவியது இது: ஊருக்குப் போகும் நாளை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. திரும்பி வந்த வாரமே அடுத்த பயணத்துக்கு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடுவேன். தேதி தெரிந்துவிட்டால் ஏக்கம் பாதி அடங்கும். பொங்கல், ஓணம் சமயத்தில் தாமதித்தால் இடம் கிடைக்காது.

ஊரிலிருந்து வரும்போது மட்டிப்பழம் என்ற எங்கள் ஊர் வாழைப்பழத்தைக் கொண்டுவராதீர்கள், வழியிலேயே கனிந்து குழைந்துவிடும். மீன் குழம்புக்குப் புளிப்பு தரும் உலர்ந்த குடம்புளி கொண்டுவாருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் பல மாதம் கெடாது. மரச்சீனிக்கிழங்கு இங்கும் கிடைக்கிறது, மரவள்ளி என்று கேட்க வேண்டும். ஞாயிறு மாலை கிழங்கை வேகவைத்து, குடம்புளி போட்டு மீன் குழம்பு வையுங்கள். அடுப்பு எரியும்போதே அம்மாவை அழையுங்கள். "உப்பு போதுமா அம்மா?" என்று கேட்டாலே போதும், அரை மணி நேரம் பேச்சு ஓடும்.