‘உறைப்புத்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்

போன சித்திரை விடுமுறையில் உப்புவெளியில் உறவினர் வீட்டு முற்றத்தில் வைத்து என் மருமகன் பந்தயத்துக்காக நை மிரிஸ் என்ற கடும் உறைப்பு மிளகாய் ஒன்றை முழுதாகக் கடித்து மென்றான். சுருக்கம் விழுந்த சின்னக் காய்தான். அரை நிமிடத்துக்குள் காதுமடல் வரை சிவந்தான். எச்சில் நூலாக வடிந்தது. சுற்றி நின்றவர்கள் ஓடிப்போய்க் குளிர்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள்.

அங்கேதான் முதல் தவறு. உறைப்பைத் தரும் கப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதை வாயெங்கும் பரப்பிவிடும். சோடாவும் அப்படித்தான். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதமோ அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும். மாமி மூதூர்த் தயிர்ச்சட்டியை எடுத்துவந்து, கரண்டி கரண்டியாக அவன் வாயில் வைத்து, விழுங்காமல் கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னார். அதுதான் கேட்டது. தயிர் இல்லாத வீட்டில் பால்மா கரைத்துக் கொடுக்கலாம். சூடாக மட்டும் வேண்டாம்: கப்சைசின் பட்ட நரம்புக்கு இளஞ்சூடும் கொதிநீராகத் தெரியும்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளி ஊற்றும் தண்ணீரில் உண்மையாகவே சூடு இருக்கிறது. மிளகாயில் சூடு கிடையாது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயிலைக் கப்சைசின் திறந்துவிடுகிறது. மூளை வாய் வேகுவதாக நம்புகிறது. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

‘நாங்கள் கொச்சிக்காய் தின்று வளர்ந்தவர்கள்’ என்ற தைரியம் அடுத்த தவறு. நாக்கு மரத்துப் பழகுவது உண்மை. வயிறும் இதயமும் மூளையின் இரத்தக் குழாய்களும் அப்படிப் பழகிவிடும் என்று நம்ப முடியாது. அமெரிக்காவில் ஒரு போட்டியில் கரோலினா ரீப்பர் மிளகாயைத் தின்ற 34 வயதுக்காரருக்கு, மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கி இடி விழுந்தாற்போலத் தலைவலி வந்ததை மருத்துவ இதழொன்று 2018இல் பதிவுசெய்தது. 2023இல், அதே மிளகாய்த்தூள் தடவிய சிப்ஸ் சவாலில் இறங்கிய 14 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அவனுக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருந்தது. பிள்ளைகளைப் பந்தயத்துக்குத் தூண்டும் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன குறை இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது எல்லாவற்றிலும் மோசம். மேலே வரும்போது இன்னொரு முறை எரிக்கும் என்பது மட்டுமல்ல. கோஸ்ட் பெப்பர் என்ற மிளகாயை அரைத்துப் போட்ட பர்கரைத் தின்ற 47 வயதுக்காரர் ஒருவர் கடுமையாக ஓங்காளித்ததில் உணவுக்குழாயே இரண்டரை சென்டிமீற்றர் கிழிந்து, 23 நாள் மருத்துவமனையில் கிடந்தார்.

விதையை நீக்கினால் உறைப்புப் போய்விடும் என்பதும் சரியல்ல. கப்சைசின் நிறைந்திருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். மிளகாய் நறுக்கிய கையில் முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று பிளக்கும் தலைவலி, இரத்த வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தயிர்ச்சட்டியைத் தேடிக்கொண்டிருக்காமல், இலங்கையில் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். எங்கள் பிள்ளை அன்று தயிரோடு தப்பினான். ஆனாலும் அவன் தூங்கும்வரை, நெஞ்சைப் பிடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.