தோட்டத்து அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களின் வரலாற்றை எழுத உட்காரும் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: "வைட்டமின் பி1 பற்றி நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள், அதனால்தான் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள்." அந்தப் பெருமை எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த வரியை எழுதிவிட்டால் உண்மையில் நடந்தது மறைந்துபோகும்.

1900களின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் கண்டு, கால் வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தார்கள். புழுங்கல் சாப்பிட்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், காரணம் அரிசியில் இருப்பதாகக் கண்டார். ஆனால் தீட்டிய அரிசி பழசாகும்போது அதில் நஞ்சு சேர்வதாக நினைத்தார். கவனித்தது சரி, விளக்கம் தவறு. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் நோயாளிகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்தார். வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. அந்த 18 பேரை வெறும் எண்ணாக எழுதிக் கடந்துவிடாதீர்கள். பிறகு மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவா தொழிலாளர்களிடம் தொடங்கிய ஆய்வு, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ சத்து போய்விடுகிறது என்பதில் வந்து நின்றது. 'வைட்டமின்' என்ற பெயரே 1912இல்தான் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமாருக்கு அது ஊர் வழக்கம், பசி தாங்கும் சோறு. அவர்கள் உலையில் போட்ட அரிசி ஆய்வுக்கு வழி காட்டியது என்று எழுதுங்கள், அதுவே போதுமான பெருமை.

பெரிபெரி வராததால் தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுவதும் தவறு. கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மல்கம் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டிக் கொசுவோடு போராடியது மலேரியா ஊரையும், நம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையும் காலி செய்துகொண்டிருந்ததால்தான்.

ரப்பர் அறிவியல் என்றால் தாவரவியலாளர் ரிட்லி என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். மரத்தைக் கெடுக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை அவர் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் வகுத்தார், அது உண்மை. ஆனால் விடியுமுன் நெற்றி விளக்கோடு மர வரிசையான நிரையில் நின்று, பட்டையை மெல்லியதாகச் சீவி, உள்ளே இருக்கும் படலத்தில் கத்தி படாமல் நிறுத்தியது யார் கை? பட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்டுவது சிரமம். பால் மரம் வெட்டிய பெரியம்மாவிடம் "எப்படி வெட்டுவீங்க?" என்று கேட்டால் "வழக்கம்போலதான் ஐயா" என்பார். கத்தியைக் கையில் கொடுத்து மரத்தடிக்கு அழைத்துப் போங்கள், மணிக்கட்டு திரும்பும் விதத்தைப் பாருங்கள், முடிந்தால் படம் பிடியுங்கள்.

ஆண்டுகளை நினைவை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எது கிடைத்தாலும் ஒத்துப் பாருங்கள். யார், எந்தத் தோட்டத்தில், அதன் எந்தப் பிரிவில் (டிவிசனில்) வேலை செய்தவர், எந்த நாளில் சொன்னார் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள்.