தம்ர், தம்ரா, தமராத்: அரபு இனத்தொகுதிப் பெயரைக் கையாளும் முறை

ஒரு குவியலும் நெல்தான். அதில் ஒன்றைக் கிள்ளி எடுத்தால் நெல்மணி. அரபியில் பேரீச்சம்பழத்தைக் குறிக்கும் ‘தம்ர்’ இந்த வகை. அதை ஒருமை என்று மனப்பாடம் செய்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது. இலக்கண நூல்கள் இவ்வகையை ‘இஸ்முல் ஜின்ஸில் ஜம்ஈ’, அதாவது இனத்தொகுதிப் பெயர் என்கின்றன.

வேர் தா-மீம்-ரா (த்-ம்-ர்) என்ற மூன்று எழுத்துகள். எபிரேயத்தில் ‘தாமார்’ பேரீச்ச மரம். அரபியிலோ தம்ர் பழத்துக்கு, அதுவும் பழுத்து உலர்ந்ததற்கு. மரம் ‘நக்ல்’, ஈரப்பதமுள்ள பழம் ‘ருதப்’. நம் புளி அவர்களுக்கு ‘தம்ர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை. ஆங்கிலத்தின் டாமரிண்ட் அதிலிருந்து வந்ததே.

ஒற்றைப் பழம் வேண்டுமென்றால் இறுதியில் தா மர்பூதா (பெரும்பாலும் பெண்பாலைக் காட்டும் இறுதி எழுத்து) சேருங்கள்: தம்ரா. ‘பாதிப் பேரீச்சம்பழத்தைக் கொடுத்தாவது நரகத்திலிருந்து காத்துக்கொள்ளுங்கள்’ என்ற நபிமொழியில் ‘ஷிக்கி தம்ரா’ என்றே வருகிறது. பாதியாக்க ஒரு முழுப் பழம் வேண்டுமே. இரண்டுக்கு தம்ரதானி, வேற்றுமை மாறினால் தம்ரதைனி.

எண்ணும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். மூன்று முதல் பத்து வரை தம்ர் உதவாது. தம்ராவின் பன்மை வேண்டும். அது பெண்பால் என்பதால் எண்ணின் கடைசித் தா உதிர்ந்துவிடும்: ‘ஸலாஸு தமராதின்’ (மூன்று பழங்கள்). இங்கே நடு எழுத்தான மீமைக் கவனியுங்கள். ஒருமையில் சுகூன் (உயிரொலி இல்லை), பன்மையில் ஃபத்ஹா (அகர ஒலி). தம்ராத் அல்ல, தமராத். இவ்வடிவப் பெயர்ச்சொற்களுக்கு இது விதி. நடு எழுத்து வாவோ (வ்) யாவோ (ய்) என்றால் சுகூன் அப்படியே நிற்கும்: பாதாமுக்கு லவ்ஸா, லவ்ஸாத், முட்டைக்கு பைதா, பைதாத். பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒருமையே போதும்: ‘இஷ்ரூன தம்ரதன்’ (இருபது பழங்கள்). ‘துமூர்’ என்ற இன்னொரு பன்மையும் உண்டு. அது பல ரகங்களைச் சொல்ல.

தம்ருக்குப் பெரும்பாலும் ஆண்பால் அடைமொழி, தம்ராவுக்குப் பெண்பால். தொகுதிப் பெயர் இரு பாலிலும் வரக்கூடும் என்பதற்குக் குர்ஆனே சான்று: 54:20இல் ‘நக்லின் முன்கஇர்’ (ஆண்பால்), 69:7இல் ‘நக்லின் காவியா’ (பெண்பால்). இரண்டும் அழிந்துபோன ஆது கூட்டத்தாரைச் சாய்ந்த பேரீச்ச மரங்களுக்கு ஒப்பிடும் வசனங்கள்.

தா மர்பூதாவை நீக்கினால் எல்லாம் தொகுதியாகிவிடாது. ‘மத்ரஸா’வில் அது நடக்காது. மக்களினத்தில் ஒருவரைக் குறிக்க யா சேரும்: அரப், அரபி. ‘இபில்’ (ஒட்டகங்கள்) போன்றவற்றுக்கு அதே வேரில் ஒருமையே இல்லை. ஒன்றுக்கு ‘ஜமல்’ (ஆண் ஒட்டகம்) அல்லது ‘நாகா’ (பெண் ஒட்டகம்) என்று வேறு சொல்லைத்தான் தேட வேண்டும்.