மேட்பிளாட்லிபில் தமிழ் சார்ட்: கட்டம் கட்டமாக வராமல், கொம்பு இடம் மாறாமல்

பைத்தானில் சார்ட் போடுவதற்கு மேட்பிளாட்லிப்தான் இன்றும் முதல் கருவி. நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைத் திரையில் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி, 2003-இல் வெளியிட்ட நூலகம் இது. ஆங்கிலத் தலைப்போடு ஒரு பட்டைப் படம் போடப் பத்து வரி போதும். தலைப்பைத் தமிழில் மாற்றியதும் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வரும். எழுத்துருவை மாற்றினால் கட்டம் போய், கொம்பும் உகரமும் இடம் தப்பி நிற்கும். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள், மருந்தும் வெவ்வேறு. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதும் சரியாகிவிட்டது என்று நினைப்பதால்தான் பலரும் மணிக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். புள்ளியும் அடிக்கோடும் இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும்.

தரவு

தமிழ்நாட்டு மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் கீழே உள்ள இரண்டு வரிகளும் அப்படியே ஓடும்:

ஆண்டு = [1951, 1961, 1971, 1981, 1991, 2001, 2011]
தொகை = [30119047, 33686953, 41199168, 48408077, 55858946, 62405679, 72147030]

1951-இன் எண் இன்றைய மாநில எல்லைக்குக் கணக்கிட்டது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆந்திரப் பகுதியும் இருந்தது. அந்த மொத்த எண்ணை இங்கே போட்டால் 1961-இல் மக்கள்தொகை சரிந்ததுபோலத் தெரியும். 2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. மதிப்பீடு ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் அந்தப் பட்டைக்கு வேறு நிறம் கொடுங்கள்.

எண்கள் எக்செலில் இருந்தால் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற வகையில் சேமியுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும், பிறகு மீட்க வழியில்லை. 7,21,47,030 என்று காற்புள்ளியோடு இருக்கும் எண்ணை, தரவைப் படிக்கும் பைத்தான் நூலகமான பாண்டாஸ் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே சார்ட்டுக்குக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு எண்ணும் ஒரு பெயராகி, அச்சில் சம இடைவெளியில் வரிசையாக ஏறி நிற்கும். வளர்ச்சி நூல் பிடித்ததுபோல நேராக ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரீட்_சிஎஸ்வி அழைப்பில் தவுசண்ட்ஸ் என்ற இடத்தில் காற்புள்ளியைக் கொடுத்தால் தீரும்.

பட்டைகள்

ஆணைத்திரையில் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப் பாண்டாஸ் என்று கொடுத்து நிறுவுங்கள். நிரலில் மேட்பிளாட்லிப்.பைபிளாட்டை பிஎல்டி என்ற சுருக்கப் பெயரில் இறக்குமதி செய்து, பிஎல்டி.சப்பிளாட்ஸ் வழியாகத் தாளையும் (ஃபிக்) அதன் மேல் வரையும் பரப்பையும் (ஏஎக்ஸ்) பெறுங்கள். ஃபிக்சைஸ் 8, 4.5 அங்குலம், லேஅவுட் கான்ஸ்ட்ரெயின்ட். இந்த லேஅவுட்டைக் கொடுத்தால் அச்சுத் தலைப்புகள் தாளின் ஓரத்தில் வெட்டுப்படாது.

ஏஎக்ஸ்.பார் என்பதற்கு ஆண்டையும் தொகையையும் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் மூன்று குறைகள் தெரியும்.

பட்டைகள் கம்பிபோல ஒல்லியாக இருக்கும். பட்டையின் இயல்பு அகலம் 0.8, அதுவும் கிடையச்சின் அலகில். நம் அலகு ஆண்டு. பத்தாண்டு இடைவெளியில் 0.8 ஆண்டு அகலம் என்றால் கம்பிதான். வித் 6 என்று கொடுங்கள்.

அடுத்து, பட்டைகள் 1951, 1961 என்று நிற்க, அச்சில் 1950, 1960 என்று எழுதியிருக்கும். நூலகம் முழு எண்களைத் தானாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஏஎக்ஸ்.செட்_எக்ஸ்டிக்ஸ் என்பதற்கு ஆண்டுப் பட்டியலையே கொடுங்கள்.

நெட்டச்சின் தலையில் 1, இ, 7 மூன்றும் ஒட்டிய குறி ஒன்று தனியே நிற்கும். பத்தின் ஏழாம் அடுக்கால் பெருக்கிக்கொள் என்று பொருள். அது சரியாக ஒரு கோடி! அதனால் தொகையின் ஒவ்வொரு எண்ணையும் 1,00,00,000-ஆல் வகுத்துக் கோடி என்ற புதுப் பட்டியலை உருவாக்கி அதைப் போடுங்கள். அச்சில் 0 முதல் 7 வரை வரும், வாசிப்பவருக்கும் அதுதான் பழக்கம். முழு எண்ணை நம் முறைக் காற்புள்ளியோடு போட ஆசைப்பட்டால் தனிச் செயற்கூறு எழுத வேண்டும். பைத்தானின் காற்புள்ளி வடிவம் 72,147,030 என்று மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். ஏழு பட்டைக்கு அந்த வேலை வீண்.

பட்டையின் தலையில் எண் வர, ஏஎக்ஸ்.பார் திருப்பித் தருவதை ஒரு பெயரில் பிடித்துவைத்து ஏஎக்ஸ்.பார்_லேபிள் என்பதற்குக் கொடுங்கள். இரண்டு தசம இடம், பேடிங் 3. இது 3.4 பதிப்பிலிருந்துதான் உண்டு.

நெட்டச்சு பூச்சியத்தில் தொடங்கட்டும். இடத்தை மிச்சப்படுத்த 3 கோடியிலிருந்து தொடங்கினால், 1951-இன் 3.01 வெறும் கோடாகி, 1961-இன் 3.37 அதைப்போல ஏறத்தாழ 31 மடங்கு உயரத்தில் நிற்கும். உண்மை வளர்ச்சி ஏறத்தாழ 12 சதவீதம். கோட்டுப் படத்தில் அச்சை நடுவில் தொடங்கலாம், அங்கே கண் சரிவைத்தான் பார்க்கிறது. பட்டையில் கண் நீளத்தை அளக்கிறது.

முதல் கோளாறு: கட்டங்கள்

தலைப்பாக "தமிழ்நாட்டு மக்கள்தொகை: கணக்கெடுப்பு ஆண்டு வாரியாக" என்றும், நெட்டச்சுக்கு "கோடி" என்றும் கொடுங்கள். கட்டங்கள் வரும். ஆணைத்திரையில், கிளிஃப் (எழுத்து வடிவம்) 2965 எழுத்துருவில் இல்லை என்பதுபோன்ற எச்சரிக்கைகள் கொட்டும். 2965 என்பது யூனிகோடில் க-வின் எண். மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழே கிடையாது.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவின் ஸ்டாட்டிக் கோப்பை, ரெகுலர் என்று பெயரில் இருப்பதை, எடுங்கள். எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் வகையை மேட்பிளாட்லிப் சரியாகக் கையாளாது. கோப்பைக் கணினியில் நிறுவினாலும் உடனே கிடைக்காமல் போகலாம்; எழுத்துருப் பட்டியலை நூலகம் ஒருமுறை எடுத்துத் தற்காலிகக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. அதைத் தேடி அழிப்பதைவிட, ஃபான்ட்_மேனேஜர்.ஃபான்ட்மேனேஜர்.ஆட்ஃபான்ட் என்பதற்குக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுப்பது எளிது.

பிறகு மேட்பிளாட்லிபின் பொது அமைப்புகள் இருக்கும் ஆர்சிபராம்ஸில் ஃபான்ட்.ஃபேமிலி என்பதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ், டெஜாவூ சான்ஸ் என்று இரண்டையும் அதே வரிசையில் பட்டியலாகக் கொடுங்கள். சில தமிழ் எழுத்துருக் கோப்புகளில் ஆங்கில எழுத்தும் சில குறிகளும் இருக்காது. முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 3.6 பதிப்புக்கு முன் இந்த வசதி இல்லை.

இரண்டாவது கோளாறு: கொம்பு

கட்டங்கள் போய்விடும், எச்சரிக்கையும் நின்றுவிடும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். தமிழுக்கு இயல்பான ஆதரவு இல்லை என்று நூலகம் சொல்லும் எச்சரிக்கை, எழுத்து கிடைக்காதபோது மட்டுமே வருகிறது. எழுத்து கிடைத்துவிட்டால், தப்பாக அடுக்கினாலும் வாய் திறக்காது. படத்தைப் பெரிதாக்கி "கணக்கெடுப்பு" என்ற சொல்லைப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கும். அதனால் அடுத்த ட-வுக்கு உரியதுபோலத் தெரியும். டு, பு இரண்டும் ஒட்டிய வடிவம் எடுக்காமல் ட, ப பக்கத்தில் உகரக் குறி தனியே தொங்கும்.

யூனிகோடில் தமிழ் உச்சரிப்பு வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னால் கொண்டுவருவதும் உகரத்தை ஒட்டுவதும் எழுத்து அடுக்கும் பொறியின் வேலை. உலாவியிலும் லிப்ரேஆபீசிலும் அந்தப் பொறி இருக்கிறது. மேட்பிளாட்லிப், 3.10 பதிப்பு வரை, வந்த வரிசையிலேயே ஒவ்வொரு வடிவமாக வைத்துவிட்டுப் போகிறது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

எங்கள் பரிந்துரை எஸ்விஜி, அதாவது படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளும் சொற்களுமாக வைத்துக்கொள்ளும் கோப்பு வகை. ஆர்சிபராம்ஸில் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதற்கு நன் (இல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்பதை மேற்கோளுக்குள் கொடுத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். இயல்பு மதிப்பு பாத். அதில் எழுத்துகள் தப்பான அடுக்கிலேயே கோடுகளாக உறைந்துவிடும். நன் என்று கொடுத்தால் சொல் சொல்லாகவே கோப்பில் இருக்கும், அடுக்கும் வேலை திறக்கும் மென்பொருளுக்குப் போகும். உலாவியில் திறந்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். அந்தக் கோப்பை இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து 200 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 200 புள்ளி) பிஎன்ஜி-யாக ஏற்றுமதி செய்யலாம்.

நூற்றுக்கணக்கான படங்களை நிரலே தானாகப் போட வேண்டுமென்றால், மேட்பிளாட்லிபுக்குப் பதில் படத்தை வரைந்து தரும் எம்பிஎல்கெய்ரோ என்ற நூலகம். நிறுவிவிட்டு, பைபிளாட்டை இறக்குமதி செய்வதற்கு முன்பே மேட்பிளாட்லிப்.யூஸ் வழியாக மாட்யூல்://எம்பிஎல்கெய்ரோ.பேஸ் என்று கொடுங்கள். மேக் கணினியில் எம்பிஎல்கெய்ரோவைத்தான் முதலில் இறக்குமதி செய்ய வேண்டும். அடுக்கும் வேலையை ராக்ம் என்ற துணை நூலகம் செய்கிறது. அது கணினியில் இல்லாவிட்டால் கொம்பு பழையபடி பின்னால்தான் நிற்கும்.

லேடெக்கில் புத்தகமோ ஆய்வேடோ செய்பவர்கள் படத்தை லேடெக் வழியாகவே போடும் பிஜிஎஃப் பின்புலத்தை எடுக்கலாம். லேடெக்கின் ஒரு வகையான ஸீலேடெக்கே எழுத்தை அடுக்கும். பிஜிஎஃப்.ஆர்சிஃபான்ட்ஸ் ஃபால்ஸ் ஆக இருக்கட்டும். முகப்பில் ஃபான்ட்ஸ்பெக் வழியாக எழுத்துருவையும், ஸ்க்ரிப்ட் தமிழ் என்பதையும் கொடுங்கள். இதை மறந்தால் அங்கேயும் அதே குளறுபடிதான்.

டிடிபி ஆட்களுக்கு ஒரு குறுக்குவழி தெரியும்: சொல்லை யூனிகோடு அல்லாத பழைய பாமினி வடிவுக்கு மாற்றி பாமினி எழுத்துருவைக் கொடுப்பது. அதில் கொம்பு கண்ணில் தெரியும் வரிசையிலேயே இருப்பதால் மேட்பிளாட்லிப் தப்பு செய்ய இடமில்லை. ஆனால் பிடிஎஃப்-இல் தேடினாலும் நகலெடுத்தாலும் குப்பைதான் கிடைக்கும். அவசரத்துக்கு மட்டும். வலைத்தளத்துக்கு மட்டும் சார்ட் வேண்டுமென்றால் பிளாட்லி என்ற வேறொரு நூலகத்தில் போட்டுவிடுங்கள்; உலாவியே எழுத்தை அடுக்குவதால் இந்தத் தலைவலி கிடையாது.

சேமிப்பு

நேரடியாக பிஎன்ஜி சேமிக்கும்போது 8, 4.5 அங்குலத் தாளை டிபிஐ 200-இல் கொடுத்தால் 1600, 900 புள்ளிகள். 16, 9 அங்குலத்தை டிபிஐ 100-இல் கொடுத்தாலும் அதே 1600, 900-தான். ஆனால் எழுத்தின் அளவு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்காகக் கணக்கிடப்படுவதால், இரண்டாவதில் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். எழுத்து பொடியாக இருக்கிறதென்றால் தாளைச் சிறிதாக்கி டிபிஐ-யை ஏற்றுங்கள்.

வெறும் வெள்ளைப் படம் சேமிக்கப்பட்டால், பிஎல்டி.ஷோ முதலிலும் பிஎல்டி.சேவ்ஃபிக் பிறகும் இருக்கிறது என்று பொருள். சாளரத்தை மூடியதும் பழைய தாள் போய்விடுகிறது, சேமிப்பு புதிய வெற்றுத் தாளுக்கு நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள், அல்லது ஃபிக்.சேவ்ஃபிக் என்று தாளின் பெயரைச் சொல்லியே சேமியுங்கள்.

அச்சகத்துக்கு எஸ்விஜி அனுப்பினால், அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லாவிட்டால் வேறு எழுத்துரு உட்கார்ந்து தலைப்பு அகலம் மாறிவிடும். இன்க்ஸ்கேப்பில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியலில் உள்ள ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். சரியாக அடுக்கிய பின் கோடாக்குவதால் கொம்பு நகராது. மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கோடாக்கிய தலைப்பில் பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.