பென் டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டதா? ஃபார்மேட் பண்ணாதீர்கள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்ட் கடையில் வேலை செய்கிறேன். போன வாரம் நர்சிங் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வந்து பென் டிரைவை நீட்டினாள். “அண்ணா, ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கணும். நாளைக்குக் கொடுக்கணும்.” சொருகித் திறந்தால் ஒன்பது ஃபோல்டர். ஒன்பதின் மூலையிலும் சின்னதாக ஒரு அம்புக்குறி.

“எல்லாம் போச்சா அண்ணா?” என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. முந்தின நாள் வேறொரு கடையில் “வைரஸ் ஏறியிருக்கு, ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ஒண்ணும் போகல்ல மக்களே, உள்ளேதான் இருக்கு” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தேன். 16 ஜிபி டிரைவில் 9 ஜிபிக்கு மேல் நிரம்பியிருந்தது. கண்ணில் படும் ஷார்ட்கட் ஒவ்வொன்றும் 2 கேபி. ஒன்பதையும் கூட்டினால் 20 கேபிகூட வராது. மீதியெல்லாம் மறைந்து கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அது என்ன செய்கிறது

எல்லோரும் ஷார்ட்கட் வைரஸ் என்கிறார்கள். உண்மையில் இது வார்ம், அதாவது புழு. மாமரத்துப் புல்லுருவிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு கிளை வேண்டும்; வைரஸும் அப்படித்தான், இன்னொரு கோப்புக்குள் ஒட்டியே வாழும். புழு தானே ஒரு தனிக் கோப்பு. தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு டிரைவ் டிரைவாக ஊர்ந்து போகும்.

அந்த ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்யாமல், ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற பெட்டியைப் படித்துப் பாருங்கள். ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்டை, அதாவது கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலை, கூப்பிடும் ஒரு நீளமான வரி இருக்கும். முதலில் இன்ன ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பு) ஓட்டு, அப்புறம் ஃபோல்டரைத் திற என்பதுதான் அதன் சாரம். கிளிக் செய்தவருக்கு ஃபோல்டர் திறந்துவிடும், சந்தேகமே வராது. அந்த நொடியில் புழு கம்ப்யூட்டருக்குள் போயிருக்கும். அடுத்து யார் பென் டிரைவ் சொருகினாலும் அதிலுள்ள ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்துவிடும்.

ஒரு காலத்தில் கிளிக் செய்யவே தேவையில்லை. ஆட்டோரன் வசதியால் சொருகினாலே போதும், ஓடிவிடும். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவின் ஒரு வகை அந்த வழியிலும் பரவியது. விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கான ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக நிறுத்தியது. அதனால்தான் புழு எழுதுபவர்கள் நம் விரலையே நம்பி ஷார்ட்கட்டுக்கு மாறினார்கள். ஆனால் 2010-இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற புழு, ஷார்ட்கட்டின் படம் திரையில் தெரிந்தாலே ஓடியது. அந்த ஓட்டையை அடைத்தது ஓர் அப்டேட்தான். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் கம்ப்யூட்டர், அப்புறம்தான் பென் டிரைவ்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். பென் டிரைவைச் சுத்தம் செய்து, புழு இருக்கும் அதே லேப்டாப்பில் திரும்பச் சொருகினால் ஒரு நிமிஷத்தில் பழைய கதைதான். எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அப்படியேதான் நடக்கும்.

பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்கள். அங்கே ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் புழு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும் என்பதால், சாதாரண ஸ்கேனைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

அது முடிந்ததும் டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்று ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். அது மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்தான், அழிக்கக் கூடாது. காரணமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அதன் முதுகில் புழு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அப்புறம் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத ஸ்கிரிப்ட் இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டிலீட் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலும் தெரியாத பெயர் இருந்தால் டிசேபிள் செய்துவிடுங்கள்.

சரி, போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? போனால் பரவாயில்லை என்கிற ஒரு பழைய பென் டிரைவைச் சொருகி, அதில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, இரண்டு நிமிஷம் காத்திருங்கள். அம்புக்குறி முளைத்தால் இன்னும் போகவில்லை; இன்னொரு நல்ல ஆன்டிவைரஸாலும் தேட வேண்டும்.

பென் டிரைவை மீட்பது

இப்போது சொருகுங்கள். எந்த ஐகானையும் தொடாமல் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’வில் மறைந்த கோப்புகளையும் கோப்பின் பின்னொட்டையும் காட்டச் சொல்லுங்கள். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் இருக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். எச்சரிக்கை வரும், ‘எஸ்’ கொடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் ஃபோல்டர்கள் எழும்பி வரும். அந்தப் பிள்ளையின் ப்ராஜெக்ட் இப்படித்தான் கண்ணில் பட்டது. சில புழுக்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். பெயரில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள், உங்கள் சொத்து அதற்குள்தான் இருக்கிறது.

அம்புக்குறி உள்ள ஷார்ட்கட்டுகளையும், விபிஎஸ், பேட், எக்ஸி என்ற பின்னொட்டில் நீங்கள் வைக்காத கோப்புகளையும் திறக்காமல் அழியுங்கள். ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டர் விண்டோஸுடையது, அது இருக்கட்டும்.

மங்கலை நீக்க ஒரு கட்டளை போதும். ஸ்டார்ட்டில் சி எம் டி என்று தேடிக் கறுப்பு ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் டிரைவின் எழுத்து ஈ என்று வைத்துக்கொண்டு, போனில் சொல்வதுபோல ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்:

ஏ டி டி ஆர் ஐ பி, இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, மைனஸ் ஹெச், இடைவெளி, ஈ முக்காற்புள்ளி பின்சாய்கோடு நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், இடைவெளி, முன்சாய்கோடு எஸ், இடைவெளி, முன்சாய்கோடு டி.

என்டர். மைனஸ் எஸ் ‘சிஸ்டம்’ என்ற முத்திரையையும், மைனஸ் ஹெச் ‘மறைந்தது’ என்ற முத்திரையையும் நீக்கும். கடைசி இரண்டும் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் வரை போகச் சொல்கின்றன. ஒன்றிரண்டு இடத்தில் அனுமதி இல்லை என்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். டிரைவ் எழுத்தை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சி என்று அடித்துவிட்டால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளின் மேல் கை வைத்ததாகிவிடும்.

வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தபின், விருப்பம் இருந்தால் இப்போது ஃபார்மேட் செய்யலாம். எக்ஸ்ப்ளோரரில் எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அந்தப் பிள்ளை சனிக்கிழமை லேப்டாப்பையும் கொண்டுவந்தாள். ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அதே ஸ்கிரிப்ட். அவளுடைய அண்ணனின் கேமரா கார்டும் அந்த லேப்டாப்பில்தான் சொருகப்பட்டிருக்கிறது, அதிலும் அம்புக்குறி. வீட்டில் இருக்கும் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பென் டிரைவுக்குப் பதிலாக மெமரி கார்டை எஸ்டி அடாப்டரில் போட்டு எடுத்துவாருங்கள். அடாப்டரின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்ன பூட்டு இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்களில் கார்டைப் படிக்க முடியும், எழுத முடியாது. அப்படிப்பட்ட ரீடரில், எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே புழு இருந்தாலும் உங்கள் கார்டில் அது ஏறாது.